பாலாறு காய்ந்துதானே கிடக்கிறது, சாக்கடையை விட்டால் என்ன?

பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "எங்கள் ஊர் பேரூராட்சி. பத்தாயிரம் பேர் இருப்போம். ஊர்ச் சாக்கடை மொத்தமும் பாலாற்றில்தான் விழுகிறது. கேட்டால், 'ஆற்றில் தண்ணீரே இல்லை, மணலே வடிகட்டிவிடும்' என்கிறார்கள். சரியா சார்? கல்வாழை வைத்தே சுத்தம் பண்ணலாமாமே, அது நடக்குமா?"

ஆற்றில் தண்ணீர் இல்லை, அதனால்தான் ஆபத்தே அதிகம் தங்கச்சி. ஓடுகிற ஆற்றில் விட்டால் சாக்கடை கொஞ்சமாவது நீர்த்துப் போகும். பாலாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டுப் போனது எப்போதாவது நடப்பது. அந்த மணலில் கிணறு இறக்கித்தான் கரையோர ஊர்கள் பலவும் தண்ணீர் குடிக்கின்றன. மேலே ஊற்றுவதைத்தான் கீழே இறைக்கிறோம்.

மணல் வடிகட்டும், பொய்யில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு இறங்கினால்தான். ஒரே இடத்தில் ராப்பகலாக விழுந்தால் அடைத்துக்கொள்ளும். சாக்கடை விழும் இடத்துக்குப் போய் ஒரு குச்சியால் ஒரு சாண் கிளறிப் பாருங்கள். மணல் மை மாதிரி கறுத்திருக்கும், அழுகின முட்டை வாடை அடிக்கும். அங்கே காற்று செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அந்த மணலையும் லாரி லாரியாக அள்ளிவிட்டோம், அது தனிக்கதை.

அடுத்தது கல்வாழை. நடக்கும். ஆனால் அழுக்கைத் தின்பது கல்வாழை இல்லை, அதன் வேரிலும் ஜல்லியிலும் ஒட்டியிருக்கிற நுண்ணுயிர்கள். முதலில் மூடிய தொட்டியில் கசடு படியவேண்டும். அப்புறம் தடுப்புச் சுவர் வைத்த அறைகளில் தண்ணீர் கீழே இறங்கி மேலே ஏறி மெதுவாக நகரும். அதற்குப் பிறகுதான் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. நேராக ஜல்லிக்கு விட்டால் ஒரே வருஷத்தில் அடைத்துக்கொண்டு, மேலே கொசுக்குட்டைதான் மிச்சம்.

இடம் எவ்வளவு வேண்டும்? பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளைக்கு 70 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும். உங்கள் ஊருக்கு ஐந்தரை லட்சம் லிட்டர் வரும். ஜல்லிப் படுகைக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தாலே இரண்டரை ஏக்கர். புறம்போக்கு நிலம் இருந்தால் இதுதான் நல்லது என்பேன். மோட்டார் வைத்துக் காற்று ஊதுகிற முறைக்கு இடம் கொஞ்சம் போதும், தண்ணீரும் நன்றாகவே வரும். ஆனால் மோட்டார் நின்றால் நுண்ணுயிரும் போச்சு. நான் பார்த்த ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில், அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் மோட்டார் ஓடும். கரண்ட் பில் கட்டப் பணமில்லையாம்.

இன்னொன்று, டேனரி (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர் ஒரு சொட்டுகூட இதில் சேரக்கூடாது. அதிலிருக்கும் உப்பை எந்த நுண்ணுயிராலும் தின்ன முடியாது. குரோமியம் நுண்ணுயிரையே கொன்றுவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பட்ட பாடு நமக்குத் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும்' என்று நம் வேலூர் டேனரி வழக்கிலும் சொன்னது.

நிலையம் வரும் வரைக்கும் என்ன செய்வது? உங்கள் தெருவில் செப்டிக் டேங்க் குழாய் எத்தனை வீட்டில் நேராகச் சாக்கடைக்குப் போகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். அது உறிஞ்சு குழிக்குத்தான் போகவேண்டும், குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் அந்தக் குழி இருக்கக்கூடாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் லாரி வைத்துக் கசடை உறிஞ்சவேண்டும். ஆளை உள்ளே இறக்கவே கூடாது, உயிர் போகும்; பாதுகாப்புக் கவசம் இல்லாமல் இறக்கினால் 2013 சட்டப்படி குற்றமும்கூட. உறிஞ்சின லாரி கசடை எங்கே கொட்டுகிறது என்றும் கேளுங்கள். ராத்திரியில் அதே ஆற்றில் கொட்டினால் இவ்வளவும் வீண்.

சுத்தம் செய்த தண்ணீரைத் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் விடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தாராளமாக விடலாம். கீரைக்கு மட்டும் வேண்டாம், ஜல்லிப் படுகை எல்லாக் கிருமியையும் கொல்லாது.