அந்தமான் ட்ரிப்: ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைக்காதீங்க

[காட்சி: வரைபடம். சென்னை, ஸ்ரீ விஜயபுரம் (பழைய பேர் போர்ட் பிளேர்), ஹேவ்லாக் தீவு, நீல் தீவு]

குரல்: அந்தமானுக்குப் பலரும் போடுற பிளான் இதுதான். முதல்ல செல்லுலார் ஜெயில், அப்புறம் நீல் தீவு, கடைசியா ஹேவ்லாக் தீவுல ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டரோட கடலுக்குள்ள டைவ், மறுநாள் காலையில ஃப்ளைட். இதை அப்படியே திருப்பிப் போடுங்க.

[காட்சி: உடம்புக்குள் நைட்ரஜன் கரையும் அனிமேஷன்]

ஆழத்துல அழுத்தம் கூடும்போது நாம சுவாசிக்கிற நைட்ரஜன் திசுக்கள்ல கரையுது. மேல வந்ததும் உடனே வெளியேறிடாது. ஃப்ளைட் கேபின்ல அழுத்தம் தரையைவிடக் குறைவு. அங்க மிச்ச நைட்ரஜன் குமிழா மாறினா மூட்டுவலி வரலாம், மோசமானா நரம்பையே தாக்கும். ஒரே டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம் கழிச்சுதான் பறக்கணும். பேசாம முழுசா ஒரு நாள் விடுங்க.

இன்னொரு லாபமும் இருக்கு. கடல் கொந்தளிச்சு டைவ் ரத்தானா, அடுத்த நாள்னு ஒண்ணு கையில இருக்கும். தெளிவா தெரியிற தண்ணி வேணும்னா ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்ப ரிஸ்க் எடுக்காதீங்க.

[காட்சி: ஃபெர்ரி உள்ளே]

ஸ்ரீ விஜயபுரத்துல இருந்து ஹேவ்லாக்குக்கு தனியார் ஃபெர்ரியில ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அரசு ஃபெர்ரி மெதுவாப் போகும், டிக்கெட் மலிவு. வாந்தி வர்றவங்க கீழ்த்தளத்துல நடுப்பக்கமா உட்காருங்க, அங்கதான் ஆட்டம் குறைவு. மாத்திரையை ஏறுறதுக்கு முன்னாடியே போடணும், குமட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

[காட்சி: இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி]

முதல் தடவை டைவ் பண்றவங்களுக்கு நீச்சல் தெரியணும்னு கட்டாயம் இல்ல. பயிற்சியாளர் கூடவே வருவார், எல்லை 12 மீட்டர். பல பேரை நிறுத்துறது பயம் இல்ல, காது. முதல் 10 மீட்டர்லயே அழுத்தம் ரெண்டு மடங்காகுது. மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதி காதைத் திறக்கணும், வலி வர்றதுக்கு முன்னாடியே, அரை மீட்டருக்கு ஒரு தடவை. வலிச்சுட்டா பலமா ஊதாதீங்க, செவிப்பறை கிழியலாம். கொஞ்சம் மேல வந்து திரும்ப முயற்சி பண்ணுங்க. சளி இருந்தா அன்னைக்கு டைவே வேண்டாம். மாத்திரையால மூக்கைத் திறந்துட்டு இறங்கலாம்னு தோணும். பாதியில மருந்து வேகம் குறைஞ்சா, மேல வரும்போது காத்து உள்ளயே மாட்டிக்கும்.

மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர்ல அடக்கின காத்து மேல வரும்போது ரெண்டு மடங்கா விரியும், நுரையீரல் தாங்காது.

[காட்சி: கை சைகைகள்]

கட்டைவிரலை உயர்த்தினா “சூப்பர்”னு அர்த்தம் இல்ல, “மேல போகலாம்”. உற்சாகத்துல காட்டி பாதியிலயே மேல வந்துடாதீங்க. நல்லா இருக்கேன்னு சொல்ல விரலை வட்டமா காட்டுங்க.

[காட்சி: நீல், பாறைப் பாலம்]

டைவ் முடிஞ்சதும் நீல். லக்ஷ்மண்பூர்ல இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வத்துற நேரத்துலதான் நடந்து போக முடியும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். தங்குற இடத்துல முந்தின நாளே கேட்டுக்கோங்க. பாறை வழுக்கும், பவளம் கிழிக்கும். செருப்பு போதாது, பிடிப்புள்ள ஷூ போடுங்க. தண்ணி ஏறத் தொடங்கினதும் திரும்பிடுங்க.

சூரியன் டிசம்பர்ல மாலை 5 மணிக்கெல்லாம் மறைஞ்சிடும். ஹேவ்லாக் ராதாநகர் பீச்சுல அஸ்தமனம் பார்க்கணும்னா 4 மணிக்கே அங்க இருக்கணும். கரையில கிடக்கிற பவளத்துண்டைப் பையில போடாதீங்க. அது சட்டப்படி குற்றம், ஏர்போர்ட் சோதனையில மாட்டும்.