கரையோரத்துக்குப் பாடம்: டிவியும் அச்சும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் ‘கரஸ்’ஸில், அதாவது வீட்டிலிருந்தே படிக்கும் தொலைநிலைக் கல்வியில், படிக்கிற ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. பத்தாவதோடு கடலுக்குப் போனவர், கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண், கடையில் உட்கார்ந்தபடியே பி.காம். முடிக்க நினைப்பவர் எனப் பலரும் படிக்கிறார்கள். இவர்களுக்குப் பாடத்தைத் தொலைக்காட்சியில் கொடுப்பதா, அச்சில் கொடுப்பதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இடம் அச்சுக்குத்தான்.

அதற்காக டிவியைக் குறைத்துப் பேச மாட்டேன். ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ டீசல் எஞ்சின் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் நாலு படம் இருக்கும். ஒன்றில் பிஸ்டன் கீழே, அடுத்ததில் மேலே, பக்கத்தில் அம்புக்குறிகள். மிச்சத்தைப் படிப்பவர்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் பிஸ்டன் இறங்கும்போதே வால்வு திறந்து காற்று உள்ளே வருகிறது. ஏறும்போது இரண்டு வால்வும் மூடிக்கொள்ள, நெருக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எல்லாம் ஒரே ஓட்டமாகத் தெரியும். விசைப்படகு எஞ்சின் சத்தத்திலேயே வளர்ந்த பையன்கூட, “ஓ, உள்ளே இதுதான் நடக்குதா!” என்பான். இதயம் துடிப்பதையும் ஆங்கில உச்சரிப்பையும் இப்படித்தான் கற்றுத்தர முடியும். அசைவதற்கும் ஒலிப்பதற்கும் டிவிதான் சரி.

ஆனால் டிவிக்கு அதன் நேரம், கடலுக்கு அதன் நேரம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த முறை. எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பாடம் போட்டாலும், பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் மீன்பிடித்துத் திரும்பி வந்து அசந்து தூங்குவார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாருக்கு, கடல்நீர் வற்றும் நீர்வற்று நேரம்தான் மணி. ஒளிபரப்பு யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு வரி தப்பினால் தப்பியதுதான்.

பாசி எடுக்கும் அக்கா ஒருவரின் பாடப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. புரியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு சுழி, புரிந்தபின் அந்தச் சுழிமேல் ஒரு கோடு. ஒரு பக்கத்தில் அப்படி ஐந்தாறு சுழிகள் இருந்தன. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கோடு போடவில்லை. அதைத்தான் என்னிடம் கேட்க வந்திருந்தார். தனக்கு எது தெரியவில்லை என்பதை அவரே விரல் வைத்துக் காட்டினார். ஒரு மாணவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஆசிரியரின் வேலை பாதி முடிந்த மாதிரி.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. கேவ்ரியல் சாலமன் என்ற உளவியலாளர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு சாராருக்கு ஒரு கதையைப் படமாகக் காட்டினார். இன்னொரு சாராருக்கு அதே கதையை எழுத்தில் கொடுத்தார். டிவி சுலபம், படிப்பது கஷ்டம் என்பது அந்தப் பிள்ளைகளின் எண்ணம். அதனாலேயே படம் பார்த்தவர்கள் குறைவாக மூளையைச் செலவழித்தார்கள். கதையிலிருந்து ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளில் எழுத்தில் படித்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் ‘சுலபம்’ என்கிற எண்ணம்தான். பாடம் ஓடி முடிந்ததும் புரிந்துவிட்டது என்று தோன்றும். ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுத உட்காரும்போது பேனா நகராது.

இப்போது செல்போனில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே என்பீர்கள். உண்மைதான். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன; நேரச் சிக்கல் அதில் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆனால் சிக்னல் வேண்டும், டேட்டா வேண்டும், வீட்டில் இருக்கும் ஒரே போன் அந்த நேரத்தில் நம் கையில் இருக்க வேண்டும். அப்புறம், நிறுத்தி யோசிக்கும் பழக்கம் யாருக்கும் தானாக வந்துவிடாது.

பழைய கதை ஒன்றும் நினைவில் இருக்கட்டும். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. மகத்தான முயற்சி அது. ஆனால் தவணை முடிந்ததும் இரவல் செயற்கைக்கோள் போய்விட்டது, ஒளிபரப்பும் நின்றது. ஊருக்கு வந்த புத்தகம் அப்படிப் போய்விடாது; அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பான்.

அச்சு உயர்வு என்று சொல்லும் எனக்கு, இன்று கைக்கு வரும் அச்சுப் பாடங்களைப் பார்த்தால் வருத்தம்தான். பொடி எழுத்து, எழுதிப் பார்க்க இடமில்லை, ஆங்கிலத்திலிருந்து அப்படியே மாற்றிய, மூச்சு வாங்கும் வாக்கியங்கள். பரீட்சை நெருங்கிய பிறகு தபாலில் வந்த பார்சல்களையும் பார்த்திருக்கிறேன். தொலைநிலைப் பாடம் என்பது பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு எழுதுவது. இரண்டு பக்கத்துக்கு ஒரு கேள்வி வேண்டும், விடை எழுத நாலு கோடு வேண்டும், கடைசியில் சரிபார்க்க விடையும் வேண்டும். டிவி பாடத்துக்கான குறிப்பும் புத்தகத்திலேயே இருக்கட்டும்: இந்தப் படத்தை இப்போது பாருங்கள், பார்த்ததும் இந்த மூன்று கேள்விக்கு எழுதுங்கள் என்று.

பாடம் தயாரிப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், படிக்கிற பிள்ளைகளும் கரையில் இருப்பார்கள். நேர்முக வகுப்புகளை அந்த நாட்களில் வையுங்கள். புத்தகங்கள் மார்ச்சுக்குள் வந்து சேரட்டும். நன்றி, வணக்கம்.