ரொட்டி சுட்ட கை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெள்ளை உடுப்பு, சாத்திய கதவு, யாரையும் பார்க்க விரும்பாத ஒரு பெண்மணி. மாடி அறையில் உட்கார்ந்து மரணத்தைப் பற்றி எழுதியவர். சரி, அதெல்லாம் உண்மைதான். இன்று நான் மாடிக்குப் போகவில்லை, கீழே அடுக்களைக்குப் போகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்று ஓர் ஊர். 1830-இல் எமிலி பிறந்ததும் 1886-இல் கண்மூடியதும் அங்கே ஒரே வீட்டில். அப்பா எட்வர்ட் வழக்கறிஞர், கண்டிப்பானவர். மகள் சுட்ட ரொட்டியைத் தவிர வேறு ரொட்டி அவருக்குப் பிடிக்காது. 1856-இல் ஊர் கால்நடைக் கண்காட்சியில் எமிலியின் ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ரை என்ற தானியத்தின் மாவும் மக்காச்சோள மாவும் கலந்து சுட்டது. மறு வருஷம் அவரே நடுவர்களில் ஒருவர். எழுதிய கவிதைகளோ ஏறத்தாழ 1,800. உயிரோடு இருந்தபோது அச்சேறியவை பத்துச் சொச்சம், அதுவும் பெயர் போடாமல்.

அவர் கைப்பட எழுதிய கறுப்பு கேக் குறிப்பு ஒன்று இருக்கிறது. மாவு 2 பவுண்டு, சர்க்கரை 2 பவுண்டு, வெண்ணெய் 2 பவுண்டு, முட்டை 19, உலர்திராட்சை 5 பவுண்டு, அப்புறம் அரை பைன்ட் பிராந்தி. இதைக் கிளறும் கைக்கு என்ன வலு வேண்டும்! நோஞ்சான் கவிஞர் என்று இனி யாராவது சொன்னால் இந்தக் குறிப்பை எடுத்து நீட்டுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாடி ஜன்னலிலிருந்து கூடையில் இஞ்சி கேக்கைக் கயிறு கட்டி இறக்குவாராம். ஆள் வெளியே வரமாட்டார், பலகாரம் வரும்.

கையில் கிடைத்த தாளில் எல்லாம் எழுதினார். கடித உறை, சாக்லேட் சுற்றிவந்த காகிதம். திரும்பி வராதவை பற்றிய ஒரு கவிதை தேங்காய் கேக் குறிப்புக்குப் பின்பக்கத்தில் இருக்கிறது. பனி கொட்டும் ஆம்ஹர்ஸ்டில் தென்னை ஏது? கப்பல் ஏறி வந்த தேங்காய்தான்.

இனி சொல்லப்போவதுதான் என் மனதில் நின்ற செய்தி. 1865-இல் அவர் எழுதிய கவிதைகள் இருநூறுக்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1866-இல் பத்துதான். நடுவில் நடந்தது என்ன? வீட்டில் பல வருஷம் வேலை செய்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டார். நிலையான ஆள் கிடைக்கவில்லை. அதுவே முழுக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கண் நோய் வேறு அவரைப் படுத்தியிருந்தது. ஆனால் மாவு பிசைந்துகொண்டே மனதில் ஓடிய ஒரு வரியைக் கை கழுவுவதற்குள் தொலைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

1869-இல் மேகி வந்தார். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய பெண், முழுப்பெயர் மார்கரெட் மாஹர். அதன்பின் கவிதைகள் மறுபடி கூடின. எழுதிய தாள்களை எமிலி மேகியின் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்ததாக மேகியே பின்னாளில் சொன்னார். அப்பாவிடம் காட்டாததை, ஊருக்குக் காட்டாததை, வேலைக்காரப் பெண்ணின் துணிமணிகளோடு வைத்திருக்கிறார்!

1886 மே மாதம் எமிலி இறந்தார். தன்னைத் தூக்கிப் போகவேண்டியவர்கள் யார் என்பதை முன்பே சொல்லிவைத்திருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் அல்ல, வீட்டுக்கு வேலை செய்த ஐரிஷ்காரர்கள் ஆறு பேர். தெருவாசல் பக்கம் போகாமல், பின்கட்டு வழியாக, மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, புல்வெளி ஊடே கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள்.