நிலைப்படியில் ரம்பம் வைத்தவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, சேலம் குகைப் பகுதி மக்களே, வணக்கம். பெயர் சொல்லி வாழ்த்த ஆரம்பித்தால் அதற்குள் மணி அடித்துவிடும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய வீட்டின் அமைப்பை இன்றைய வாழ்க்கைக்காக மாற்றலாமா, கூடாதா என்பது தலைப்பு. கூடாது என்று பேசிய எதிரணித் தம்பி, முடிக்கும்போது ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்தார். "நிலைப்படியில் ரம்பம் வைக்கிறவன், பெத்த தாயின் மடியில் ரம்பம் வைக்கிறவன்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தம்பி, எங்கள் வீட்டு நிலைப்படியில் ரம்பம் வைக்கச் சொன்னவன் நான். பெத்த தாய்க்காகத்தான் வைக்கச் சொன்னேன். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

இங்கிருந்து நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. தாத்தா கட்டியது. திண்ணை, நடை, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுப்படி, கொல்லை என்று தம்பி பாட்டு மாதிரி அடுக்கினாரே, அதே வரிசை. கொல்லையின் கோடியில் கழிப்பறை. அந்த வரிசை முழுவதையும் ராத்திரி 2 மணிக்கு, மழையில், முழங்கால் வலியோடு தாண்டிப் போனவர் எங்கள் அம்மா. ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ஒரு சித்திரையில் அம்மாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வந்தோம். வாசலில் 3 படி. ஏறினால் தலைவாசல் நிலைப்படி 5 அங்குலம். எப்படியோ தூக்கிக்கொண்டு உள்ளே போனால் அறை வாசல் 24 அங்குலம், நாற்காலி 25 அங்குலம்! நான் அளந்தேன். என் மனைவி அளந்தாள். டேப்பில்தான் கோளாறு என்று பக்கத்து வீட்டு டேப்பை வாங்கி அளந்தோம். அதுவும் 24தான் காட்டியது. ஒரே ஒரு அங்குலம், ஐயா. அம்மாவுக்குக் கூடத்தில் கட்டில் போட்டோம்.

ஆடி வந்தது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் சேலம் எப்படி ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? குகையில் வண்டி வேடிக்கை, சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டியில் ஊர்வலம் வருவார்களே, அதுதான். எங்கள் தெரு முனையில் மேளச் சத்தம். அம்மா கட்டிலில் படுத்தபடி, "என்ன வேஷம்டா போகுது?" என்று குழறிக் கேட்டாள். வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "முருகன் வள்ளி, அம்மா" என்றேன். அடுத்த வண்டிக்கு மறுபடி ஓடினேன். "சிவன் பார்வதி, அம்மா." கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து திண்ணையில் உட்கார்ந்து வண்டி வேடிக்கை பார்த்தவளுக்கு, 30 அடி உள்ளே நான் வாயால் காட்டிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன்.

ஆவணியில் ஆசாரி வந்தார். நிலைப்படியைப் பார்த்தார், ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். 40 வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த படி அது. நடுவில் கால் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது. ஆசாரி நேராகக் கூடத்துக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். "அம்மா, நீங்க சொன்னாத்தான் கை வைப்பேன்" என்றார். பூசினவளிடம் கேட்டார், தம்பி! என்னிடம் கேட்கவில்லை. அம்மாவுக்கு வார்த்தை வர நேரமாகும். காத்துக்கொண்டு நின்றோம். "அறு" என்றாள். ஒரே சொல்.

அறுத்தபோது முதலில் விழுந்த தூள் மஞ்சளாக இருந்தது. இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு இடிக்கச் சொல்லவில்லை நான். கீழ்ப்படி போனால் நிலைக்கால் விலகும் என்று ஆசாரி இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு இறுக்கினார். அந்தக் காலத்து வீட்டில் தூண் எல்லாம் திண்ணையிலும் முற்றத்தைச் சுற்றியும்தான், அறைப் பக்கம் கூரையைத் தாங்குவது சுவர்தான். அறை வாசலை அகலப்படுத்தும்போது முட்டுக் கொடுத்து, மேலே உத்தரம் வைத்த பிறகுதான் செங்கல்லை உருவினோம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு உதிரும். அதனால் சுண்ணாம்பே பூசினோம். 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம் சரிவு வேண்டும். 3 படி 18 அங்குலம், 18 அடிக்குத் தெருவில் இடமில்லை. ஒரு திண்ணையை இடித்து, சரிவை மடக்கி இறக்கினோம். தாழ்வாரத்தில் ஒரு மூலை கழிப்பறை ஆனது. முற்றத்தை மட்டும் தொடவில்லை. அதை மூடினால் சேலத்து வெயிலில் வீடு அடுப்பாகிவிடும் என்று தம்பி சொன்னது முழுக்கச் சரி.

"ஏற்காட்டில் காப்பித் தோட்ட முதலாளிகள் கட்டிய பழைய பங்களாவில் 2 நாள் தங்கினேன், ஒரு கல்லைக்கூட மாற்றக்கூடாது" என்றும் எதிரணித் தம்பி சொன்னார். தம்பி, ராத்திரி அங்கே சுவிட்சைத் தட்டினீர்களே, குழாயைத் திறந்தீர்களே, அதெல்லாம் யாரோ சுவரைக் கொத்தியதால் வந்ததுதானே? எங்கள் கூடத்தில் தாத்தா குழித்தறிக்குக் குழி தோண்டினார். தறி நின்ற பிறகு அப்பா அதை மூடிச் சிமெண்டுத் தரை போட்டார். பிழைப்புக்காகத் தோண்டலாம், மூடலாம், பெத்தவளுக்காக 5 அங்குலம் அறுக்கக் கூடாதா?

மணி கேட்டது ஐயா. ஒரே நிமிஷம்.

அறுத்த துண்டை ஆசாரி இழைத்துக் கொடுத்தார். பூஜை அறையில் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் இடது கையால் அதற்கு மஞ்சள் பூசினாள்.

அடுத்த ஆடி. மேளச் சத்தம் கேட்டதும் நாற்காலியைத் தள்ளினேன். கூடம், நடை, தலைவாசல், ஒரு தட்டுக்கூட இல்லாமல் உருண்டது. மிச்சமிருந்த திண்ணை ஓரமாக நிறுத்தினேன். முதல் வண்டி வந்தது. அம்மா இடது கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டாள். நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் நின்ற எனக்குக் கண் மறைத்து எதுவும் தெரியவில்லை. அம்மாதான் ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மீனாட்சி கல்யாணம்டா. பின்னாடி பாரு, காளி வர்றா."