கப்பல்கள் வராமல் போன தீவு: செயின்ட் ஹெலினா

வணக்கம் மக்களே! திரையில் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். தென் அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளி தெரிகிறதா? அதுதான் செயின்ட் ஹெலினா. நெப்போலியனைச் சிறைவைத்த தீவு. அவர் கதையை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், நமக்கு வேண்டாம். அங்கே குடியிருந்த ஜனங்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள்? இன்றைக்கு அதைப் பார்ப்போம்.

மொத்தமே சுமார் 120 சதுர கிலோமீட்டர். செங்குத்தான எரிமலைப் பாறை, ஆனால் நல்ல தண்ணீர் உண்டு. பூர்வகுடிகள் யாரும் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1659-இல் ஆட்களைக் குடியேற்றியது. அப்புறம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், சீனத் தொழிலாளர்கள் என்று பல வழியில் வந்தவர்களின் வாரிசுகள்தான் இன்றைய தீவுவாசிகள். பாய்மரக் காலத்தில் மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் இங்கிலாந்து திரும்பும் கப்பல்களைத் தென்கிழக்குக் காற்று இந்தப் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர், காய்கறி, இறைச்சி எல்லாம் ஏற்றிக்கொள்ள இங்கே நிற்பார்கள். தீவுக்கு வருமானமே அதுதான்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களும் பெருகின. இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. நடுவழியில் இருந்த தீவு ஒரே தலைமுறையில் ஒதுக்குப்புறமாகிவிட்டது. ‘உலகின் மிகத் தனிமையான தீவுகள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அடுத்த பிழைப்பு நார். நியூசிலாந்து ஃபிளாக்ஸ் என்ற செடியை மலையெல்லாம் நட்டு, 1907-இல் அரசே ஆலை தொடங்கியது. பிரிட்டிஷ் தபால் துறை கடிதக் கட்டுகளைக் கட்டும் கயிறு இந்த நாரில்தான் திரித்தார்கள். 1960-களில் தபால் துறை செயற்கை இழைக்கு மாறியது. அவ்வளவுதான், 1966-இல் கடைசி ஆலையும் மூடப்பட்டது. லண்டனில் யாரோ கயிறை மாற்றினார்கள், இங்கே அடுப்பு அணைந்தது! அந்தச் செடி மட்டும் இன்றும் சரிவுகளை மூடிக்கிடக்கிறது. தீவுக்கே உரிய மரங்கள் டயானா சிகரத்தை ஒட்டி ஒடுங்கிக்கொண்டன.

விமான நிலையம் கட்டும் திட்டம் வந்தபோது ஒரு பழைய துயரமும் வெளியே வந்தது. 1840 முதல் பிரிட்டிஷ் கடற்படை அடிமைக் கப்பல்களை மடக்கி, அதில் இருந்த ஆப்பிரிக்கர்களை இங்கே இறக்கிவிட்டது. நோயில் மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2008-இல் விமான நிலையச் சாலைக்காக ரூபர்ட் பள்ளத்தாக்கைத் தோண்டியபோது 300-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 2022-இல்தான் அவற்றை மறுபடி அடக்கம் செய்தார்கள். இத்தனை வருடத் தாமதத்துக்கு என்ன சமாதானம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, பயணிகள் விமானம் 2017-இல் வந்தது. ஓடுபாதையில் காற்று திடீர் திடீரென்று திசைமாறுவதால் சின்ன விமானங்கள்தான் இறங்குகின்றன. சுற்றுலாக் கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது. மக்கள்தொகையோ 2021 கணக்கெடுப்பில் சுமார் 4,400 தான். இளைஞர்கள் வேலைதேடி இங்கிலாந்துக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், 2021-இல் கரைக்கு இழுத்துவந்த கடலடி இணைய கேபிளைத்தான் அதிகம் நம்புவேன். ஊரைவிட்டுப் போகாமலே வெளியூர் வேலை பார்க்க அது ஒன்றுதான் வழி. காற்றடித்தாலும் அது நிற்காது.