குடிக்கிற வீட்டுப் பிள்ளை

வணக்கம் நேயர்களே.

இங்கே கிழக்கிலங்கையில் படுவான்கரையிலும் சரி, வாழைச்சேனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் சரி, பதின்ம வயதுப் பிள்ளைகளோடு கதைக்கும்போது நான் முதலில் கேட்பது, "பின்னேரம் வீட்டில் எப்படி இருக்கும், தம்பி?" என்றுதான். அப்பா குடிக்கிற வீடென்றால் பிள்ளை பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துவிடும். படலைச் சத்தத்திலேயே அப்பாவுக்கு எவ்வளவு வெறி என்று கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை அது. அம்மாவின் கவனம் முழுக்க அப்பாவிலேயே இருக்கும். மகன் எங்கே போகிறான், யாரோடு திரிகிறான் என்று பார்க்க வீட்டில் ஆளில்லை. அவன் சத்தமில்லாத இடம் தேடி வெளியே போகிறான். அங்கே இருக்கிற பெரிய பெடியன்களிடம் பீடி, வாயில் போட்டு மெல்லும் புகையிலைப் பாபுல், கள்ளச்சாராயமான கசிப்பு எல்லாம் இருக்கும். இப்போது ஐஸ் என்கிற போதைப்பொருளும் வந்துவிட்டது.

இன்னொன்று, மகனைப் போத்தல் வாங்க அனுப்புவது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் கசிப்புக்காரன் வயது கேட்பானா? அப்படிப் போய்வருகிற பிள்ளைக்கு யாரிடம், எந்த நேரம் கிடைக்கும் என்பதெல்லாம் மனப்பாடம்.

தொடங்கும் வயதும் முக்கியம். அமெரிக்காவில் 1990களில் செய்த பெரிய ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 வீதமானோர் பிறகு மதுவுக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 வீதம்தான். அதனால் சில வருடம் தள்ளிப்போனாலே பிள்ளைக்குப் பெரிய இலாபம்.

குடிக்கு அடிமையாவதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஏறக்குறைய பாதி என்கிறார்கள். ஆனாலும் குடிக்கிறவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் குடிக்கு அடிமையாவதில்லை. இது தெரியாமல் "தகப்பனைப் போலத்தானே வருவாய்" என்று ஊரே சொல்கிறது. எனக்கு மிகவும் கோபம் வருவது இந்தப் பேச்சில்தான். எப்படியும் இப்படித்தான் ஆவேன் என்று நம்பிவிட்ட பிள்ளை எதற்காகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்?

மாமாமாரே, பெரியம்மாமாரே, ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையைப் பின்னேரங்களில் உங்கள் வீட்டில் இருந்து படிக்கச் சொல்லுங்கள். சாப்பாடு கொடுங்கள். அப்பாவைப் பற்றி அவனிடம் குறை சொல்லாதீர்கள். மகள்மாரையும் விசாரியுங்கள், அவர்கள் வெளியே போகாமல் உள்ளேயே நொந்துபோகிறார்கள். பிள்ளைக்கு அடி விழுகிறதென்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அழையுங்கள். மனநல உதவிக்கு 1926.

கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாமாரே, தினமும் நிறையக் குடிப்பவரென்றால் ஒரேயடியாகத் தனியே நிறுத்த வேண்டாம். வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய் மருந்தோடு நிறுத்துங்கள்.

நன்றி, வணக்கம்.