கழன்று வந்த கிரௌனைத் திருப்பிப் பாருங்கள்

(காட்சி: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு. மேசையில் ஒரு தட்டு டோடோல். பக்கத்தில், டிஷ்யூமேல், வெள்ளையாகச் சின்னதாக ஏதோ ஒன்று.)

டிஷ்யூவில் இருப்பது என் கடைவாய்ப்பல்லின் தொப்பி, கிரௌன். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) கொடுத்த டோடோல், பல்லில் ஒட்டும் பிசுபிசு இனிப்பு. ஒரே கடி, கிரௌன் கையோடு வந்துவிட்டது. பல் டாக்டரிடம் போய், "கம் சரியில்ல போல, டாக்டர்" என்றேன். அவர் என் வாயைப் பார்க்கவே இல்லை, முதலில் கிரௌனைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார்.

சிமெண்ட், அதாவது கிரௌனைப் பல்லில் பொருத்தும் பசை, எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான். கிரௌனுக்குள்ளேயே இருந்தால், பல்லின் பக்கம் பிடி விட்டிருக்கிறது. பல்லில் தங்கிவிட்டு கிரௌன் வெறுமையாக வந்தால், கோளாறு கிரௌன் பக்கம். என்னுடையது உள்ளே வழவழவென்று இருந்தது.

(காட்சி: சைக்கிள் டியூப், உப்புத்தாள்.)

பங்சர் ஒட்டுகிறவர் எடுத்தவுடனே சொல்யூஷனைத் தடவ மாட்டார். உப்புத்தாளால் டியூபைத் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் நாம் விரல் வைத்தால் அவர் திட்டுவார், அழுக்குப் பட்டால் ஒட்டாது. இப்போது பல்லுக்குப் போடும் பிளாஸ்டிக் வகைப் பசையான ரெசின் சிமெண்ட்டின் கதையில் பாதி இவ்வளவுதான்.

பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்ட் உண்மையில் ஒட்டுவதில்லை, இடுக்கை நிரப்பும். பிடிப்பெல்லாம் பல்லைச் செதுக்கிய வடிவத்தில் இருந்தது. உயரமான, பக்கங்கள் நேரான டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பிரிக்கப் படாதபாடு பட வேண்டும். குட்டையாகச் சரிந்த கிண்ணங்கள் தொட்டாலே பிரியும். குட்டைப் பல்லுக்குத்தான் ரெசின் அதிகம் கைகொடுக்கிறது.

(காட்சி: பல்லின் குறுக்குவெட்டுப் படம்.)

1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் பல்லின் மேலுறையான எனாமல்மேல் பாஸ்பாரிக் அமிலத்தை வைத்துக் காட்டினார். எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அமிலம் அதில் நுண்ணிய குழிகளைப் பறிக்கும், ரெசின் இறங்கி இறுகிக்கொள்ளும். ஆனால் கிரௌனுக்காகச் செதுக்கும்போது எனாமல் பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுவது அதற்குக் கீழே உள்ள டென்டின். அது ஈரமான, கொலாஜன் என்ற புரத இழைகள் ஓடும் பொருள். அமிலம் வைத்த பிறகு ரொம்பக் காயவிட்டால் இழைகள் படுத்துவிடும், ரெசின் நுழைய வழியில்லை. ஈரம் கூடினாலும் பிடிப்பு கெடும். பதம் தெரிந்த கை வேண்டும்.

இப்போது கிரௌன் பக்கம். கிரௌன் செய்யும் பொருள்களில் லித்தியம் டைசிலிகேட் என்பது கண்ணாடி கலந்த பீங்கான். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அதை அரித்துக் கரடாக்கும், அப்புறம் சைலேன் என்ற இணைப்புத் திரவம் தடவினால் ரெசின் நன்றாகப் பற்றும். ஜிர்கோனியா என்ற இன்னொரு வகைப் பீங்கானில் அரிக்கக் கண்ணாடியே இல்லை. அதனால் 50 மைக்ரோன் அளவு அலுமினாத் தூளைக் காற்றோடு பீய்ச்சிக் கரடாக்கி, எம்டிபி என்ற வேதிப்பொருள் கலந்த பிரைமரை (பசைக்கு முன் தடவும் திரவம்) தடவுகிறார்கள். எம்டிபியின் ஒரு முனையில் உள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவைப் பிடிக்கும், மறுமுனை ரெசினோடு சேரும்.

சிக்கல் இங்கேதான். அளவு சரியா என்று கிரௌனை வாயில் வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா? எச்சிலிலும் பாஸ்பேட் உண்டு. பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி அது முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும். எம்டிபிக்கு உட்கார இடமிருக்காது. தண்ணீரில் அலசினால் போகாது. பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவினால் இன்னும் மோசம், அதிலும் பாஸ்பேட்தானே! மறுபடி தூள் பீய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள சுத்திகரிப்புப் பசை வேண்டும்.

என் கிரௌன் ஜிர்கோனியா. முன்பு பொருத்தியவர் இந்தப் படியைத் தாண்டிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம், நிரூபிக்க வழியில்லை.

(காட்சி: மூடி போட்ட சின்ன டப்பா.)

ஒரு வேண்டுகோள். உங்கள் கிரௌன் கழன்றால் வீட்டில் சூப்பர் குளூ போட்டு ஒட்டாதீர்கள். விழுங்கிவிடாமல் டப்பாவில் போடுங்கள். டோடோலைக் கழுவலாம், உள்ளே ஒட்டியிருக்கும் சிமெண்ட்டை மட்டும் சுரண்டாதீர்கள். டாக்டர் முதலில் தேடப்போவது அதைத்தான்.